தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுவோம்

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு 1979 செப்டம்பரில் நான்கு சட்டப் பேராசிரியர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகியோர் அந்த நால்வர். ஓராண்டுக்கு முன்பு உச்ச நீதிமன்றம் வழங்கியிருந்த ஒரு தீர்ப்பைப் பற்றியது அக்கடிதம். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், 1972-ல், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடியதற்கு அடையாளம் இல்லை, ஆகவே அவள் இணங்கியிருக்க வேண்டும் என்று தீர்ப்பின் வாதம் போனது.

பேராசிரியர்கள் யாரையும் வசைபாடவில்லை. தீர்ப்பை வரிவரியாகப் படித்து அந்த வாதம் எங்கே உடைகிறது என்று காட்டினார்கள். இரவில், காவல் நிலையத்துக்குள், சீருடை அணிந்தவர்களின் பிடியில் இருக்கும் ஓர் ஏழைச் சிறுமி பயந்து பணிந்துபோவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்கள். அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ஆனால், கடிதம் கைமாறிக் கைமாறி நாடெங்கும் போனது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. 1983-ல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண், தான் சம்மதிக்கவில்லை என்று சாட்சியம் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு சேர்ந்தது. ஒரு தீர்ப்பைக் கவனமாகப் படித்து நான்கு பேர் எழுதியதில் தொடங்கிய மாற்றம் இது.

நீதிமன்றத்தை மதிப்பது என்றால் அதன் தீர்ப்பை முழுதாகப் படிப்பது. தவறு என்று பட்டால் காரணத்தோடு சொல்வது. இந்தப் பழக்கம் தமிழில் வேரூன்ற வேண்டும். அதற்கான ஏற்பாடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது.

கீழ்வெண்மணி சொல்வது

தமிழகத்துக்கும் மறக்க முடியாத தீர்ப்பு ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. விசாரணை நீதிமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவர்கள் ஏவலாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது தீர்ப்பு.

அரை நூற்றாண்டு கடந்தும் இந்த வாதம் தமிழர்களின் நினைவில் இருக்கிறது என்றால், தீர்ப்பைத் தேடிப் படித்தவர்கள் அதை எழுதியும் பேசியும் வந்ததுதான் காரணம். சம்பவம் நடந்த சில வாரங்களில் அங்கே போய்வந்த மைதிலி சிவராமன் ஆங்கிலத்தில் எழுதினார். இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புன'லை எழுதினார். பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தை எடுத்தார். செல்வந்தர் தம் கையால் குற்றம் செய்யமாட்டார் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. நீதிபதியின் மனத்தில் ஊறிய சமூகப் பார்வை அது. அதை அடையாளம் காட்ட அரசியல் துணிச்சலோடு தீர்ப்பைப் படிக்கும் பொறுமையும் வேண்டியிருந்தது.

அந்தப் பொறுமை பயன் தருகிறது என்பதற்குச் சமீபத்திய சான்றும் இருக்கிறது. 2021 ஜனவரி 19 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, ஆடைக்கு மேலாகத் தொட்டது போக்சோ சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் எந்த நோக்கத்துக்காக இயற்றப்பட்டதோ அதையே இந்த விளக்கம் முறியடிக்கிறது என்று நாடெங்கும் எழுதினார்கள். எட்டாவது நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் ரத்து செய்தது. தீர்ப்பின் எந்த வரியில் பிழை என்று சுட்ட முடிந்ததால்தான் விமர்சனம் அவ்வளவு கூர்மையாக இருந்தது.

அவமதிப்பு என்னும் அச்சம்

"கோர்ட் விஷயம், நமக்கெதற்கு வம்பு?" தீர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடமும் இந்தப் பதில் வருகிறது. இந்த அச்சத்தில் பாதி, சட்டத்தை அறியாததால் வருவது. 1971-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 4-ம் பிரிவில், நீதிமன்ற நடவடிக்கையை நியாயமாகவும் சரியாகவும் செய்தியாக்குவது அவமதிப்பல்ல என்கிறது. 5-ம் பிரிவில், விசாரித்து முடிவுசெய்யப்பட்ட வழக்கின் தகுதி பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பல்ல என்கிறது. பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட உண்மையை ஒரு எதிர்வாதமாக ஏற்கலாம் என்று 2006-ல் ஒரு திருத்தமும் வந்தது.

மீதிப் பாதி அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. 'நீதிமன்றத்தின் மாண்பைக் குலைத்தல்' என்பதும் இச்சட்டப்படி குற்றம்; அதன் எல்லை எது என்று யாராலும் தெளிவாகச் சொல்ல முடிந்ததில்லை. கேரள முதல்வராக இருந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, நீதிபதிகள் வர்க்கச் சார்பு கொண்டவர்கள் என்று 1967-ல் ஒரு செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 1970-ல் தண்டனையை உறுதிசெய்து, அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது. அதே கருத்தை ஒட்டி, அதே அளவு கடுமையாக, மத்தியச் சட்ட அமைச்சர் பி.சிவசங்கர் 1987-ல் ஹைதராபாத்தில் பேசினார். அது அவமதிப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு சொன்னது. 2002-ல் அருந்ததி ராய்க்கு ஒரு நாள் சிறை. 2020-ல் பிரசாந்த் பூஷணுக்கு ஒரு ரூபாய் அபராதம். அதே ஆண்டு செப்டம்பரில் நடிகர் சூர்யா நீட் தேர்வு தொடர்பாக வெளியிட்ட அறிக்கையை வைத்து அவமதிப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி கடிதம் எழுத, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு அதற்கு மறுத்துவிட்டது.

எந்தச் சொல் தண்டனைக்குரியது என்று முன்கூட்டியே அறிய முடியாத சட்டம், தண்டிக்கப்படும் ஒருவரோடு நிற்பதில்லை. எழுத நினைக்கும் நூறு பேரின் வாயையும் கட்டிப்போடுகிறது. மாண்பைக் குலைத்தல் என்னும் இந்தக் குற்றத்தைப் பிறப்பித்த இங்கிலாந்தே 2013-ல் அதைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. நம் சட்ட ஆணையம் 2018-ல் அளித்த 274-வது அறிக்கையிலும் அதைத் தக்கவைக்கவே பரிந்துரைத்தது. உத்தரவை மீறுவதும், சாட்சியை மிரட்டுவதும், விசாரணையைத் தடுப்பதும் தண்டிக்கப்பட வேண்டியவைதான். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. மாண்பைக் குலைக்கும் பேச்சு என்ற வகை மட்டும் நீங்க வேண்டும்.

விமர்சனம் பெருகினால் நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை போய்விடும் என்பார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவரும் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவரே மறுத்தார். தலைமை நீதிபதி பதவி தன் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தே மறுத்தார், அப்படியே போனது. நீதிமன்றத்தின் பெயருக்குக் களங்கம் வந்தது அந்தத் தீர்ப்பால்; பிறகு அதை விடாமல் விமர்சித்த எச்.எம்.சீர்வை போன்ற சட்ட அறிஞர்களால் அல்ல. 2017-ல், அந்தரங்க உரிமை வழக்கில், உச்ச நீதிமன்றமே அது தவறு என்று அறிவித்தது. அன்றைய நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மகன் டி.ஒய்.சந்திரசூட், தந்தை இணங்கிய தீர்ப்பை ரத்து செய்து எழுதினார். நீதிமன்றத்தின் நம்பகத்தன்மை அதனால் கூடியதேயன்றிக் குறையவில்லை.

தலைப்புச் செய்திக்கு அப்பால்

உரிமையைக் கேட்பவர்கள் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நம்மிடையே நீதிமன்றச் செய்தி பெரும்பாலும் 'சரமாரிக் கேள்வி', 'கடும் கண்டனம்', 'அதிரடி உத்தரவு' என்ற மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. மாலையில் தொலைக்காட்சி விவாதம் தொடங்கும்போது தீர்ப்பின் நகல் பல நேரம் பதிவேற்றப்பட்டிருக்காது. கட்சி கட்டிப் பேசுவதற்கு அது யாருக்கும் தடையாக இருப்பதில்லை.

விசாரணையின்போது நீதிபதி கேட்கும் கேள்வி தீர்ப்பல்ல. வாதத்தின் வலுவைச் சோதிக்க, தான் நம்பாத கருத்தையும் நீதிபதி முன்வைப்பார். கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, 2021 ஏப்ரலில், தேர்தல் ஆணையத்தின் மீது கொலைக் குற்றம் சுமத்தலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட வார்த்தை நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. வாய்மொழிக் கருத்துகள் நீதிமன்ற ஆவணத்தின் பகுதியல்ல என்றும், நீதிபதிகள் சொற்களில் நிதானம் காக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றைச் செய்தியாக்க ஊடகங்களுக்குத் தடை விதிக்க மட்டும் மறுத்துவிட்டது. சரியான முடிவு. அறையில் நடப்பதை மக்கள் அறியட்டும். ஆனால், எது கேள்வி, எது உத்தரவு என்று பிரித்துச் சொல்லும் கடமை எழுதுபவரைச் சேர்ந்தது.

இடைக்காலத் தடை இறுதி முடிவல்ல. ஜாமீன் கிடைத்ததால் ஒருவர் நிரபராதி ஆவதில்லை; மறுக்கப்பட்டதால் குற்றவாளியும் ஆவதில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பதற்கும், குற்றச்சாட்டே பொய் என்று சொல்லி விடுவிப்பதற்கும் வேறுபாடு உண்டு. சிறப்பு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றம் காரணம் கூறாமல் தள்ளுபடி செய்தால், 'உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது' என்று எழுதுகிறார்கள். அப்படித் தள்ளுபடி செய்வதால் உயர் நீதிமன்றத்தின் காரணங்களை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகாது என்று 2000-லேயே குஞ்ஞயம்மது வழக்கில் தெளிவாக்கிவிட்டார்கள். ஒரு தீர்ப்பின் உயிர்நாடியான காரணம் எது, போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்து எது என்பதும் பிரித்தறிய வேண்டியது. முன்னது பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும், பின்னது கட்டுப்படுத்தாது. பக்கம் பக்கமாக நீளும் தீர்ப்பிலிருந்து ஒரு வாக்கியத்தை உருவி எடுத்து வாட்ஸ்ஆப்பில் உலவவிடும்போது இந்த வேறுபாடு அழிந்துபோகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்ற வேண்டும். பாலியல் குற்ற வழக்குகளில் அவரை அடையாளம் காட்டுவது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவின்படி தண்டனைக்குரியது. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. பெயரை மறைத்துவிட்டு ஊரையும் பள்ளியையும் உறவினரையும் எழுதுவது, பெயரை எழுதுவதற்குச் சமம். சாட்சிகள் கூண்டேறும் முன்பே அவர்களைப் பொய்யர்கள் என்று அறிவிப்பதும், காவல் துறை கசியவிட்ட வாக்குமூலத்தை உண்மையாக்கிப் பரப்புவதும் நியாயமான விசாரணையைக் கெடுக்கும்.

இந்த எல்லைகளுக்குள் நிற்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. அந்தத் துணையைப் பெற்றுத்தந்ததில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கே பங்குண்டு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளியீட்டுக்கு முன்பே தடை போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்றது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதுவதை அந்தரங்க உரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்றும், பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள் விஷயத்தில் அதற்கு விலக்கு உண்டு என்றும் வகுத்தது. உரிமையும் வரம்பும் ஒரே தீர்ப்பில் இருக்கின்றன. சட்டம் பற்றி எழுத வரும் ஒவ்வொரு தமிழ் இளைஞரும் படித்தாக வேண்டிய தீர்ப்பு இது.

தமிழில் ஏன் வேண்டும்?

படித்துவிட்டுப் பேசுங்கள் என்று மக்களிடம் சொல்வதற்கு முன்னால், படிக்கும்படியாகத் தீர்ப்பு அவர்கள் கைக்கு வர வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 348-ம் கூறு, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில மொழியை அனுமதிக்க அதே கூறு வழிவிடுகிறது. ராஜஸ்தான், உத்தர பிரதேசம், மத்திய பிரதேசம், பிஹார் உயர் நீதிமன்றங்களில் இந்தி அவ்வாறே நுழைந்தது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றம் 2012-ல் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. நிலத்தையோ வேலையையோ பிள்ளையையோ மகனின் விடுதலையையோ பற்றிய தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வழக்கு நடத்தியவரே இன்றும் வக்கீலின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' தந்த முதல் நாவலாசிரியராக அவரைக் கொண்டாடுகிறோம். முன்சீபாக இருந்த அவர், 1805 முதல் 1861 வரையிலான உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். நீதிமன்றத்தின் உயர்பீடத்தில் தமிழுக்கு இடமில்லாத காலத்திலேயே, தீர்ப்புகளைத் தமிழர்கள் படிக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்துச் செய்தும் காட்டினார். நம் காலத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு போன்றவர்கள் தமிழ் இதழ்களில் தீர்ப்புகளை எடுத்து அலசுகிறார்கள். ஆனால், ஒரு சிலரின் தனி முயற்சியிலேயே இந்தத் துறை நிற்கிறது.

உச்ச நீதிமன்றம் 2019 முதல் தேர்ந்தெடுத்த தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடுகிறது. பின்னர் மொழிபெயர்ப்புக்குக் கணினிச் செயலியும் துணைக்கு வந்தது. நல்ல தொடக்கம்தான். என்றாலும், நான்கு வரிக்கு நீளும் ஆங்கில வாக்கியத்தை இயந்திரம் தமிழாக்கும்போது யார் வாதி, யார் பிரதிவாதி என்பதே குழம்பிவிடக்கூடும். சட்டமும் தமிழும் அறிந்த ஒருவரின் கண் படாத மொழிபெயர்ப்பு, தெளிவு தருவதற்குப் பதிலாகப் புதிய பிழைகளைப் பரப்பும்.

என்ன செய்யலாம்?

பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றமும் தீர்ப்போடு சேர்த்து எளிய மொழியில் ஒரு சுருக்கத்தை வெளியிடுகின்றன. வழக்கு என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, காரணம் என்ன, மாறுபட்டவர் யார் என்பதைச் சாமானியர் அதில் தெரிந்துகொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் பொதுமக்களைப் பாதிக்கும் ஒவ்வொரு முக்கியத் தீர்ப்புக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வெளியிட வேண்டும். தீர்ப்பின் சட்டபூர்வ வடிவம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். சுருக்கம் வெளியிட அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் நிர்வாக முடிவு ஒன்று போதும்.

பத்திரிகைகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. தீர்ப்புச் செய்தி ஒவ்வொன்றிலும் வழக்கு எண், அமர்வில் இருந்த நீதிபதிகளின் பெயர், தீர்ப்பு நாள் ஆகியவற்றைத் தவறாமல் அச்சிட வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 முதல் ஒவ்வொன்றுக்கும் பொது எண்ணும் தரப்படுகிறது. அந்த எண் செய்தியில் இருந்தால், படிக்க விரும்பும் வாசகர் மூலத் தீர்ப்புக்கே போய்விடுவார். செய்தியாளர் எழுதியது சரிதானா என்றும் பார்த்துவிடுவார். மூலத்தைப் பார்க்க வாசகரை அழைக்கும் பத்திரிகையின் மதிப்பு உயரத்தான் செய்யும்.

சட்டக் கல்லூரிகளில் பருவத்துக்கு ஒரு தீர்ப்பையாவது மாணவர்கள் தமிழில் விமர்சித்து எழுதட்டும்; அதற்கு மதிப்பெண்ணும் இருக்கட்டும். கிராமத்திலிருந்து வந்து தமிழ்வழியில் பள்ளி முடித்த மாணவர்கள் நம் அரசு சட்டக் கல்லூரிகளில் ஏராளம். ஆங்கிலச் சட்டச் சொல்லையும் தங்கள் ஊரின் வாழ்க்கையையும் ஒருசேர அறிந்தவர்கள் அவர்கள். பட்டா, புறம்போக்கு, குத்தகை, பஞ்சமி நிலம் பற்றிய ஒரு தீர்ப்பில் எந்த வரி வாழ்க்கைக்குப் பொருந்தாமல் நிற்கிறது என்று டெல்லிப் பேராசிரியரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வழக்கறிஞர் சங்கங்களும் தங்கள் பங்குக்கு மாதம் ஒரு தீர்ப்பைப் பொதுமக்கள் முன்னிலையில் தமிழில் விளக்கிப் பேசலாம்.

அதிகாரம் கொண்ட அமைப்புகளில், எடுத்த முடிவுக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு உள்ள அளவுக்கு வேறெதற்கும் இல்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்றால் காரணங்கள் மெலியும்; முன்முடிவுகள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். தங்கள் தீர்ப்பு சென்னையிலும் சிவகங்கையிலும் தமிழில் படிக்கப்பட்டு, காரணம் காரணமாக எடைபோடப்படும் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருப்பதைவிட நல்ல கண்காணிப்பு இல்லை. அந்தத் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறவர்கள் மக்கள். அவற்றைத் தங்கள் மொழியில் படிக்கவும், காரணத்தோடு மறுக்கவும் அவர்களுக்கு வழி செய்வது நீதிமன்றத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை.